விதை கேட்கும் குளிர்ச்சி

அசாம் ஜாவா, கோலசிலாங்கூர் மாவட்டத்தில் உள்ள சிற்றூர். சுற்றிலும் செம்பனைத் தோட்டங்கள். பகல் பதினொரு மணிக்கே தார்ச்சாலை கொதிக்கத் தொடங்கிவிடும். அங்கே ஒரு வீட்டின் பின்புறத்தில் சிறியதொரு நாற்றுக்குடில் இருப்பதாகக் கற்பனை செய்துகொள்வோம். பிளாஸ்டிக் கூரை, நான்கு பக்கமும் வலை, நடுவே மேசை. மேசைமேல் 104 குழிகள் கொண்ட நாற்றுத் தட்டுகள். அந்த வீட்டுத் தாயார் கத்தரி, மிளகாய், வெண்டை நாற்றுகளை வளர்த்து விற்பவர். நான்காம் படிவத்தில் பயிலும் மகள் மாலை வேளைகளில் அவருக்கு உதவுகிறாள்.

இம்முறை புதிதாக ஒரு கேட்பு வந்திருக்கிறது. பக்கத்து ஊரில் நீரில் கீரை வளர்க்கும் விவசாயி ஒருவர், வாரந்தோறும் 200 சாலட் கீரை நாற்றுகள் வேண்டும் என்று கேட்டிருக்கிறார். தாயார் நல்ல விதையாகப் பார்த்து வாங்கி, தட்டு முழுவதும் விதைத்து, நாள் தவறாமல் நீர் தெளித்தார். ஏழு நாள் கழித்துப் பார்த்தால், அங்கொன்றும் இங்கொன்றுமாகச் சில முளைகளே எழுந்திருந்தன. அதே மேசையில் விதைத்த வெண்டையோ தட்டு நிறைய முளைத்து நின்றது.

"விதை கெட்டுப்போயிருக்குமா அம்மா?" என்று மகள் கேட்டாள்.

"பொட்டலத்தில் தேதி சரியாகத்தான் இருக்கிறது கண்ணு. வெண்டைக்கு ஊற்றின அதே தண்ணீர்தான் இதற்கும். சூடுதான் காரணமாக இருக்கும். குடிலுக்குக் குளிர்சாதனம் பொருத்திவிடலாமா என்று யோசிக்கிறேன். தவணையில் கிடைக்கும் என்கிறார்கள்."

மகள் உடனே பதில் சொல்லவில்லை. குளிர்சாதனத்தின் விலை ஒருபுறம், மாதந்தோறும் வரப்போகும் மின்கட்டணம் மறுபுறம். 200 நாற்றுகள் விற்று வரும் பணம் அதற்கு ஈடாகுமா? விதைக்கு உண்மையில் எவ்வளவு குளிர்ச்சி தேவை? எத்தனை நாளுக்குத் தேவை? இந்தக் கேள்விகளுக்கு விடை கண்ட பிறகுதான் பணத்தைச் செலவிட வேண்டும் என்று அவளுக்குத் தோன்றியது. அந்த விடைகளை நாமும் தேடுவோம்.

விதை ஏன் வெப்பநிலையைப் பார்க்கிறது?

விதை உயிருள்ள பொருள். உலர்ந்திருக்கும்வரை அது மிக மெதுவாக மூச்சுவிட்டுக்கொண்டு காத்திருக்கும். நீர் பட்டதும் உறிஞ்சிப் பருக்கும். உள்ளே நொதிகள் வேலையைத் தொடங்கும். சேமித்து வைத்திருக்கும் மாவுச்சத்தும் எண்ணெயும் சர்க்கரையாக மாறும். அந்த ஆற்றலைக் கொண்டு வேர்முனை நீண்டு, விதையுறையைக் கிழித்து வெளியே வரும். இதைத்தான் முளைத்தல் என்கிறோம்.

நொதிகளின் வேகம் வெப்பநிலையைப் பொறுத்தது. குளிர் மிகுந்தால் அவை சோம்பிவிடும். சூடு ஏற ஏற வேகம் கூடும். ஓர் எல்லையைத் தாண்டினால் முளைப்பு நின்றுவிடும். அந்த எல்லை எல்லா விதைக்கும் ஒன்றன்று. அமெரிக்காவின் கலிபோர்னியாப் பல்கலைக்கழகத்தில் விதைகளை ஆராய்ந்த ஹாரிங்டன் என்னும் அறிஞர் காய்கறி விதைகளுக்கான அளவுகளைத் தொகுத்தளித்தார். உலகெங்கும் நாற்று வளர்ப்போர் அவற்றை இன்றும் பயன்படுத்துகின்றனர். அவற்றுள் நமக்குத் தெரிந்த சில பயிர்களின் அளவுகள் இவை:

வெண்டை, வெள்ளரி: மிக ஏற்ற வெப்பநிலை 35 பாகை செல்சியஸ், மேல் எல்லை ஏறத்தாழ 41 பாகை.
கத்தரி, தக்காளி, மிளகாய்: ஏற்றது ஏறத்தாழ 29 பாகை, மேல் எல்லை 35 பாகை.
முட்டைக்கோஸ்: ஏற்றது ஏறத்தாழ 29 பாகை, மேல் எல்லை 38 பாகை.
சாலட் கீரை: ஏற்றது ஏறத்தாழ 24 பாகை, மேல் எல்லை 29 பாகை.

சிலாங்கூரின் தாழ்நிலப் பகுதிகளில் பகல் வெப்பம் வழக்கமாக 31 முதல் 33 பாகைவரை செல்லும். காற்றோட்டமில்லாத பிளாஸ்டிக் குடிலுக்குள் அது 40 பாகையையும் தாண்டலாம். மேலுள்ள அளவுகளோடு இதை ஒப்பிட்டுப் பார்த்தால், வெண்டை சிரித்துக்கொண்டு முளைத்ததும் சாலட் கீரை மண்ணுக்குள்ளேயே கிடந்ததும் வியப்பாகத் தோன்றாது.

சாலட் கீரை விதை செத்துப்போய்விட்டதா? பெரும்பாலும் இல்லை. ஈரமான விதை அளவுக்கு மீறிய சூட்டை உணரும்போது, அதனுள் அப்சிசிக் அமிலம் என்னும் வளர்ச்சித் தடைப்பொருள் மிகுதியாகத் தங்கிவிடுகிறது. கருவைச் சூழ்ந்துள்ள மெல்லிய படலமும் இளகாமல் இறுகியே நிற்கிறது. வேர்முனையால் அதைத் துளைக்க முடிவதில்லை. இதனை வெப்பத் தடை என்பர். சூட்டிலும் ஈரத்திலும் நெடுநாள் கிடந்தால், விதை ஆழ்ந்த உறக்கத்துக்குப் போய்விடும். பிறகு குளிர்ந்தாலும் எளிதில் விழிக்காது.

விதைக்கு ஏன் இந்தப் பிடிவாதம்? அதன் பூர்விகத்தைப் பார்த்தால் காரணம் விளங்கும். சாலட் கீரையின் முன்னோர்கள் மத்தியதரைக் கடல் பகுதியையும் அதை ஒட்டிய மேற்காசிய நாடுகளையும் சேர்ந்தவை. அங்கே கோடை சூடானது, வறண்டது. மழை வருவது குளிர்காலத்தில். கோடையில் எதிர்பாராமல் பெய்யும் ஒரு மழையை நம்பி முளைத்துவிட்டால், இளஞ்செடி அடுத்த வாரமே கருகிவிடும். ஆகவே, சூடு தணியும்வரை முளைக்காதிருப்பது அவ்விதைக்கு உயிர்காக்கும் உத்தி. நாம் அதை ஆண்டு முழுவதும் கோடைபோல் இருக்கும் ஊருக்குக் கொண்டுவந்திருக்கிறோம். அது இன்னும் தன் ஊர் வழக்கப்படியே நடந்துகொள்கிறது.

தோட்டங்களுக்கும் இந்தக் கதை புதிதன்று

விதையின் வெப்பநிலைத் தேவைக்கும் நம் தோட்டப்புற வரலாற்றுக்கும் நெருங்கிய தொடர்பு உண்டு. 1876ஆம் ஆண்டு ஹென்றி விக்ஹாம் என்னும் ஆங்கிலேயர் பிரேசில் நாட்டிலிருந்து ஏறத்தாழ 70,000 ரப்பர் விதைகளைக் கப்பலில் இங்கிலாந்துக்குக் கொண்டுசென்றார். இலண்டன் அருகிலுள்ள கியூ தாவரவியல் பூங்காவின் சூடேற்றிய கண்ணாடிக் குடில்களில் அவை விதைக்கப்பட்டன. ரப்பர் விதை உலர்ந்தால் உயிரிழந்துவிடும். நீண்ட கடற்பயணத்தைக் கடந்து வந்த அவ்விதைகளுள் நூற்றுக்கு நான்குகூட முளைக்கவில்லை. முளைத்தவற்றுள் பெரும்பகுதி இலங்கைக்கு அனுப்பப்பட்டது. 1877இல் 22 கன்றுகள் சிங்கப்பூர் வந்து சேர்ந்தன. பின்னாளில் மலாயாவெங்கும் பரவிய ரப்பர்த் தோட்டங்களுக்கு அவையே தொடக்கம். அத்தோட்டங்களில் உழைக்கத்தான் நம் முன்னோர் ஆயிரக்கணக்கில் தமிழகத்திலிருந்து வந்தனர். குளிர்நாட்டுக் குடில் ஒன்றில் விதைக்குச் சரியான சூடு கிடைத்ததால், நம் குடும்பங்களின் வரலாறே திசை மாறியது எனலாம்.

செம்பனையின் கதை கோலசிலாங்கூர் மாவட்டத்துக்கே உரியது. இன்று பெஸ்தாரி ஜெயா என்று வழங்கும் பத்தாங் பெர்ஜுந்தை வட்டாரத்தில் உள்ள தென்னமரம் தோட்டத்தில்தான், 1917இல் நாட்டின் முதல் வணிகச் செம்பனைப் பயிரிடல் தொடங்கியது. அதனைத் தொடங்கியவர் ஹென்றி ஃபோக்கோன்னியே என்னும் பிரெஞ்சுக்காரர். தமிழ்ப் பெயர் தாங்கிய தோட்டத்தில் நாட்டின் பெருந்தொழில் ஒன்று பிறந்தது.

செம்பனை விதையின் தேவை சாலட் கீரைக்கு நேர் எதிரானது. அதன் கெட்டியான ஓட்டுக்குள் கரு உறங்கிக்கொண்டிருக்கும். அதை எழுப்ப ஏறத்தாழ 40 பாகை வெப்பத்தில் இரண்டு மாதத்துக்கும் மேலாக வைத்திருப்பார்கள். அதன்பின் நீரில் ஊறவைத்துச் சாதாரண வெப்பநிலைக்குக் கொண்டுவந்தால்தான் முளைவிடும். ஒரே மண்ணில், ஒரே வெயிலின்கீழ், ஒரு விதை சூட்டைக் கேட்கிறது. இன்னொரு விதை குளிர்ச்சியைக் கேட்கிறது. விதை கேட்பதை அறிந்து கொடுப்பவரே நல்ல நாற்றுக்காரர்.

குளிர்நாட்டுக் குடிலும் நம் குடிலும்

பசுமைக்குடில் குளிர்நாட்டில் பிறந்த கருவி. சூரிய ஒளி கண்ணாடியையோ பிளாஸ்டிக்கையோ ஊடுருவி உள்ளே வரும். மண்ணும் செடியும் அதை உறிஞ்சிச் சூடாகும். சூடான காற்று வெளியேற வழியில்லாமல் உள்ளேயே தங்கும். பனி பெய்யும் நாட்டில் இது வரம். அங்கும் வெயில் மட்டும் போதாது. நெதர்லாந்தின் பெரிய பசுமைக்குடில்கள் இயற்கை எரிவாயுவை எரித்துச் சூடேற்றப்படுகின்றன. 2022இல் எரிவாயு விலை ஏறியபோது, அங்குள்ள விவசாயிகள் பலர் குளிர்காலப் பயிரைக் குறைத்துக்கொள்ள நேர்ந்தது. நாற்று வளர்ப்போர் குடில் முழுவதையும் சூடாக்காமல், தட்டுக்கு அடியில் மட்டும் சூடேற்றும் விரிப்பை இடுவது அங்கே வழக்கம். காற்று குளிர்ந்திருந்தாலும் விதை இருக்கும் மண் சூடாக இருந்தால் போதும் என்பது அவர்கள் கண்ட உண்மை.

நம் ஊரில் சிக்கல் தலைகீழானது. இங்கே குடில் வெப்பப் பொறியாகிவிடுகிறது. நமக்குக் குடில் தேவைப்படுவது சூட்டுக்காக அன்று. கனமழை நாற்றை அடித்துச் சாய்க்காமல் இருக்கவும் பூச்சி நுழையாமல் இருக்கவும்தான். ஆதலால், குளிர்நாட்டு அறிவை அப்படியே பெயர்த்து வைத்தால் பயனில்லை. ஆனால், அவர்களின் சிக்கன உத்தியைத் திருப்பிப் போட்டுப் பயன்படுத்தலாம். குடிலைக் குளிர்விக்க வேண்டாம். விதை இருக்கும் இடத்தைக் குளிர்வித்தால் போதும்.

சிங்கப்பூரில் 1990களில் இதே வழியில் ஓர் ஆய்வு நடந்தது. தேசியக் கல்விக்கழகப் பேராசிரியர் லீ சிங் கோங்கும் உடன் ஆய்வாளர்களும் குளிர்நிலச் சாலட் கீரையை வெப்பமான குடிலில் வளர்த்தனர். இலைகள் வெப்பக் காற்றிலேயே இருந்தன. வேர்கள் தொங்கும் பகுதியில் மட்டும் ஏறத்தாழ 20 பாகைக்குக் குளிர்வித்த சத்துநீரைப் பனிபோல் தெளித்தனர். கீரை நன்கு வளர்ந்தது. முழுக் குடிலையும் குளிரூட்டும் செலவு மிச்சமாயிற்று.

செலவில்லாமல் வெப்பத்தைக் குறைக்கும் வழிகள்

மின்சாரம் செலவிடும் முன், செலவில்லாத வழிகளை முதலில் முயல வேண்டும். அவற்றை ஒரு வரிசையில் காண்போம்.

முதலாவது, வெயிலைக் கூரைக்கு வெளியிலேயே தடுப்பது. நிழல்வலையைக் குடிலுக்குள் கட்டினால், வலை வெயிலை உறிஞ்சிச் சூடாகி அந்தச் சூட்டைக் குடிலுக்குள்ளேயே விடும். அதே வலையைக் கூரைக்கு மேலே, சற்று இடைவெளி விட்டுக் கட்டினால், சூடு வெளிக்காற்றோடு போய்விடும். ஒரே வலை, ஒரே விலை. கட்டும் இடத்தால் பயன் மாறுகிறது.

இரண்டாவது, சூடான காற்றுக்கு வழிவிடுவது. சூடான காற்று மேலெழும்பும். கூரையின் உச்சியில் திறப்பு இருந்தால் அது தானாக வெளியேறும். பக்கவாட்டிலிருந்து குளிர்ந்த காற்று உள்ளே வரும். பூச்சி வலையின் கண்கள் மிக நுண்ணியவையாக இருந்தால் காற்றோட்டம் குறையும். அப்போது வலைப்பரப்பைப் பெரிதாக்கி அதை ஈடுசெய்ய வேண்டும்.

மூன்றாவது, நீரை ஆவியாக்கிக் குளிர்விப்பது. ஒரு லிட்டர் நீர் ஆவியாகும்போது ஏறத்தாழ 2,400 கிலோஜூல் வெப்பத்தைத் தன்னோடு எடுத்துச் செல்கிறது. மண்பானை நீர் குளிர்ந்திருப்பதற்கு இதுவே காரணம். நைஜீரியாவில் முகமது பா அப்பா என்னும் ஆசிரியர், பானைக்குள் பானை வைத்து நடுவில் ஈரமணல் இட்டுக் காய்கறிகளைக் காக்கும் முறையைப் பரப்பினார். அதற்காக 2000ஆம் ஆண்டின் ரோலெக்ஸ் விருது அவருக்குக் கிடைத்தது.

இம்முறை நமக்கு எவ்வளவு உதவும்? இங்கேதான் கவனம் வேண்டும். காற்று வறண்டிருந்தால் நீர் வேகமாக ஆவியாகும். ஏற்கெனவே ஈரம் நிறைந்த காற்றில் மெதுவாகவே ஆவியாகும். 38 பாகை வெப்பமும் 30 விழுக்காடு ஈரப்பதமும் உள்ள மதுரைக் கோடைப் பகலில், ஆவியாதல் ஒன்றினாலேயே ஏறத்தாழ 24 அல்லது 25 பாகைவரை இறக்கலாம். 32 பாகையும் 65 விழுக்காடு ஈரப்பதமும் உள்ள கோலசிலாங்கூர்ப் பகலில் ஏறத்தாழ 26 அல்லது 27 பாகைக்குக் கீழே இறக்க இயலாது. விசிறியும் ஈரத்திரையும் எவ்வளவு பெரிதாக இருந்தாலும் இந்த எல்லை மாறாது. எனவே, வேறு நாட்டில் நன்றாக வேலை செய்யும் கருவியை விளம்பரம் பார்த்து வாங்குமுன், நம் ஊர்க் காற்றின் ஈரப்பதத்தை அளந்து பார்ப்பது நல்லது.

நான்காவது, நேரத்தைப் பயன்படுத்துவது. நம் ஊரில் இரவு வெப்பம் 23 முதல் 25 பாகைவரை இறங்கும். அது சாலட் கீரைக்கு மிகவும் ஏற்ற அளவு. நீர் பட்ட முதல் சில மணி நேரத்தில்தான் விதை சூட்டுக்கு மிகவும் அஞ்சும். காலையில் விதைத்தால் அந்த நேரம் உச்சி வெயிலில் போய் முடியும். மாலையில் விதைத்து நீர் தெளித்தால், அந்தக் கண்டமான நேரம் குளிர்ந்த இரவில் கழிந்துவிடும். இதற்கு ஒரு காசும் செலவில்லை. கடிகாரத்தைப் பார்த்தால் போதும்.

தஞ்சோங் காராங், சிகிஞ்சான் நெல்வயல்களைக் கண்டவர்களுக்கு விதையை முன்கூட்டியே முளைக்கட்டும் வழக்கம் தெரிந்திருக்கும். விதைநெல்லை ஒரு நாள் ஊறவைத்து, நீரை வடித்து, சாக்கில் மூடி வைப்பார்கள். மூச்சுவிடும் விதைகள் தாமே சூட்டை உண்டாக்கும். சாக்கின் நடுப்பகுதி அளவுக்கு மீறிச் சூடாகாமல் இருக்க அவ்வப்போது கிளறிவிடுவார்கள். முளைப்புக் காலத்தை மட்டும் தனியே பிரித்து, சிறிய இடத்தில் வைத்துக் கவனிக்கும் இந்த அறிவுதான் நம் கேள்விக்கு விடை தரப்போகிறது.

குளிர்விக்க வேண்டியது எவ்வளவு?

நாற்றுத் தட்டில் நான்கு வாரம் இருக்கும் சாலட் கீரைக்கு, கண்டிப்பாகக் குளிர்ச்சி வேண்டியது முளைக்கும் நாள்களில் மட்டுமே. 20 முதல் 25 பாகையில் அது இரண்டு மூன்று நாள்களில் முளைத்துவிடும். அதன்பின் நல்ல நிழலும் காற்றோட்டமும் இருந்தால் செடி சமாளித்துக்கொள்ளும். முளைக்கும் காலத்தில் விதைக்குப் பரந்த இடமும் வேண்டாம். அப்படியானால், குளிர்விக்க வேண்டியது குடில் அன்று, இரண்டு தட்டுகள். அதுவும் 48 மணி நேரத்துக்கு மட்டும்.

மீன் சந்தையில் கிடைக்கும் வெள்ளை நுரைப்பெட்டியை எடுத்துக்கொள்வோம். நீளம் 60 சென்டிமீட்டர், அகலம் 40, உயரம் 30. சுவரின் தடிப்பு இரண்டரை சென்டிமீட்டர். வெளியே 30 பாகை, உள்ளே 22 பாகை என்றால், சுவர் வழியே ஒரு நாளில் ஏறத்தாழ 1,000 கிலோஜூல் வெப்பம் உள்ளே கசியும். ஒரு கிலோ பனிக்கட்டி உருகும்போது 334 கிலோஜூல் வெப்பத்தை உறிஞ்சும். ஆகவே, மூன்று கிலோ பனிக்கட்டி, அதாவது ஒன்றரை லிட்டர் போத்தல் இரண்டில் உறைந்த நீர், ஒரு நாளுக்குப் போதும். முதல் நாள் ஈரத் தட்டுகளையும் குளிர்விக்க வேண்டியிருப்பதால் ஒரு போத்தல் கூடுதலாக வைக்கலாம். இரண்டு நாளுக்கு மொத்தம் ஐந்து போத்தல்.

இந்த ஐந்து போத்தல் நீரை உறையவைக்க வீட்டுக் குளிர்பதனப் பெட்டி எவ்வளவு மின்சாரம் எடுக்கும்? 28 பாகையிலுள்ள ஏழரைக் கிலோ நீரை உறையச் செய்ய, அதிலிருந்து ஏறத்தாழ 3,400 கிலோஜூல் வெப்பத்தை வெளியேற்ற வேண்டும். ஒரு யூனிட் மின்சாரம் 3,600 கிலோஜூலுக்குச் சமம். குளிர்பதனப் பெட்டி தான் எடுக்கும் மின்சாரத்தைவிட அதிக வெப்பத்தை வெளியேற்ற வல்லது. எனவே, இந்த வேலைக்கு ஒரு யூனிட்டுக்கும் குறைவாகவே செலவாகும்.

குளிர்சாதனத்தின் கணக்கையும் பார்ப்போம். ஒரு குதிரைத்திறன் கொண்ட குளிர்சாதனம் ஏறத்தாழ 750 வாட் மின்சாரம் எடுக்கும். அது பாதி நேரம் ஓய்வெடுக்கிறது என்று வைத்துக்கொண்டாலும், 48 மணி நேரத்தில் 18 யூனிட் ஆகிவிடும். பிளாஸ்டிக் கூரையும் வலைச்சுவரும் கொண்ட குடிலில் குளிர்ந்த காற்று நிற்காது. அது ஓய்வின்றி ஓட வேண்டியிருக்கும். 36 யூனிட் செலவழித்தும் விதைக்கு வேண்டிய குளிர்ச்சி கிடைக்காமல் போகலாம். மகள் தன் கணக்குப் புத்தகத்தின் பின்பக்கத்தில் இவ்வளவையும் எழுதித் தாயாரிடம் காட்டினால், தவணைப் பேச்சு அன்றோடு முடிந்துவிடும்.

பெட்டியைப் பயன்படுத்தும் முறை

மாலையில் தட்டுகளில் விதைத்து, குழிமண் நன்கு நனையும்படி நீர் தெளிக்க வேண்டும். சாலட் கீரை வகைகள் சிலவற்றுக்கு முளைக்க ஒளி வேண்டும் என்பதால், விதையை ஆழமாகப் புதைக்கக்கூடாது. மேலே மிக மெல்லிய மண் போதும். இரண்டு தட்டுகளையும் இடையில் குச்சிகள் வைத்து ஒன்றன்மேல் ஒன்றாகப் பெட்டியில் அடுக்க வேண்டும். அவற்றுக்கு மேல் குச்சிகளைக் குறுக்கே வைத்து, துணி சுற்றிய பனிப்போத்தல்களைக் கிடத்த வேண்டும். குளிர்ந்த காற்று கனமானது. அது கீழிறங்கித் தட்டுகளைச் சூழும். போத்தலை நேரே மண்மேல் வைத்தால் அவ்விடம் அளவுக்கு மீறிக் குளிர்ந்துவிடும்.

பெட்டிக்குள் ஒரு வெப்பமானி இருப்பது இன்றியமையாதது. 20 பாகைக்குக் கீழே போனால் ஒரு போத்தலை எடுத்துவிட வேண்டும். 26 பாகையைத் தாண்டினால் புதியது வைக்க வேண்டும். முளைக்கும் விதைக்கு உயிர்வளி வேண்டும். ஆதலால், காலையும் மாலையும் மூடியைத் திறந்து காற்றையும் சற்று ஒளியையும் விட வேண்டும். வெண்ணிற வேர்முனை தெரிந்ததும் தட்டை உடனே வெளியே எடுத்து நிழலான ஒளியில் வைக்க வேண்டும். ஒரு நாள் தாமதித்தாலும் முளைகள் இருட்டில் ஒளியைத் தேடி நூல்போல் நீண்டுவிடும். அவ்வாறு நீண்ட நாற்றை விவசாயி வாங்கமாட்டார்.

விதையைச் சேமிக்கும் முறையிலும் குளிர்ச்சியின் பங்கு உண்டு. சேமிக்கும் இடத்தின் வெப்பம் ஒவ்வொரு 5 பாகை குறையும்போதும், விதையின் ஆயுள் ஏறத்தாழ இரு மடங்காகும் என்பது ஹாரிங்டன் வகுத்த விதி. விதையின் ஈரம் ஒரு விழுக்காடு குறைந்தாலும் அதே பயன் உண்டு. எஞ்சிய விதையைக் காற்றுப்புகாத போத்தலில் அடைத்துக் குளிர்பதனப் பெட்டியின் கீழ்த்தட்டில் வைத்தால், அடுத்த விதைப்புக்கும் அது உதவும். வெயில் படும் சன்னலோரத்தில் வைத்த விதை சில மாதங்களிலேயே வலுவிழந்துவிடும்.

இந்தப் பயிர் இங்கே தேவையா?

நேர்மையாகக் கேட்க வேண்டிய கேள்வி ஒன்று உண்டு. குளிர்நிலப் பயிரைச் சூடான ஊரில் ஏன் வளர்க்க வேண்டும்? உயரம் 100 மீட்டர் கூடும்போது வெப்பம் ஏறத்தாழ 0.6 பாகை குறையும். 1,400 மீட்டர் உயரத்திலுள்ள கேமரன் மலையின் தானா ராத்தாவில், கடற்கரையைவிட 8 பாகைக்கு மேல் குளிர்ச்சி இயற்கையாகவே கிடைக்கிறது. அங்கே பனிப்போத்தல் தேவையில்லை. ஆனால், அங்கு வளைந்து செல்லும் சாலையும் சரிவான நிலமும் உண்டு. அங்கிருந்து கீரையை இறக்கிவரும் லாரிக்கும் எரிபொருள் வேண்டும். ஆற்றல் சிக்கனம் பற்றிப் பேசும்போது இரண்டு பக்கக் கணக்கையும் பார்க்க வேண்டும்.

வெண்டை, வெள்ளரி, கத்தரி, மிளகாய் ஆகியவை நம் வெப்பத்தை விரும்பி ஏற்பவை. அவற்றுக்கு நிழலும் நீரும் போதும். ஒரு நாற்றுக்குடிலின் முதன்மைப் பயிர்களாக அவை இருப்பதே அறிவுடைமை. வெப்பநிலையைக் கட்டுப்படுத்தும் வழிகளுள் மிகவும் மலிவானது, இடத்துக்கு ஏற்ற பயிரைத் தேர்ந்தெடுப்பதுதான். சாலட் கீரை போன்றவற்றுக்குச் சந்தையில் கேட்பு இருக்கும்போது மட்டும், அளவோடு, கணக்கோடு குளிர்ச்சியைச் செலவிடலாம்.

நம் கற்பனைக் குடும்பத்திடம் மீண்டும் செல்வோம். மூன்றாம் நாள் காலை, பள்ளிச் சீருடையில் இருந்த மகள் பெட்டியின் மூடியைத் திறக்கிறாள். கருமண்ணின்மேல், குழிக்குக் குழி, ஊசிமுனை போன்ற வெண்மை.

"அம்மா, வந்து பாருங்கள்!"

தாயார் கைகளைத் துடைத்துக்கொண்டு வந்து குனிந்து பார்க்கிறார். பிறகு, ஒன்றும் பேசாமல் தட்டை மெல்லத் தூக்கி நிழலில் வைக்கிறார். பேருந்துக்கு நேரமாகிவிட்டது. வாரந்தோறும் 200 நாற்றுகள் என்ற வாக்கைக் காப்பாற்ற முடியும் என்ற நம்பிக்கை அவர் முகத்தில் தெரிகிறது. விதை கேட்டது பெரிய பொருள் அன்று. இரண்டு நாள் குளிர்ச்சி. அதைத் தெரிந்துகொள்ளத்தான் இத்தனை கணக்குத் தேவைப்பட்டது.

அருஞ்சொற்பொருள்

கேட்பு: வாங்குவோரின் தேவை
நொதி: உயிரணுக்களில் வேதிமாற்றங்களை விரைவுபடுத்தும் பொருள்
வெப்பத் தடை: மிகுந்த சூட்டால் விதை முளைக்காமல் நிற்றல்
உத்தி: காரியத்தை முடிக்கும் வழி
கண்டம்: இடர் மிகுந்த காலம்
பூர்விகம்: முன்னோர் வாழ்ந்த இடம்

சிந்தித்து விடையளிப்போம்

1. ஒரே மேசையில் விதைத்த வெண்டை முளைத்ததற்கும் சாலட் கீரை முளைக்காததற்கும் காரணம் யாது?
2. சாலட் கீரை விதையின் "பிடிவாதம்" அதன் உயிரைக் காக்கும் உத்தி என்று கட்டுரை கூறுவது ஏன்?
3. மதுரையில் நன்கு பயன்படும் ஈரத்திரைக் குளிர்விப்பு கோலசிலாங்கூரில் குறைந்த பயனே தருவது ஏன்?
4. "குடிலைக் குளிர்விக்க வேண்டாம், விதை இருக்கும் இடத்தைக் குளிர்வித்தால் போதும்." இக்கருத்தை இருவேறு எடுத்துக்காட்டுகளுடன் விளக்குக.
5. சாலட் கீரையைக் கேமரன் மலையில் வளர்ப்பது சிறந்ததா, தாழ்நிலத்தில் வளர்ப்பது சிறந்ததா? உமது கருத்தைக் காரணங்களுடன் 80 சொற்களில் எழுதுக.

செய்து பார்ப்போம்

இரண்டு வெப்பமானிகளை நிழலில் அருகருகே தொங்கவிடுங்கள். ஒன்றின் குமிழை ஈரப் பஞ்சால் சுற்றிக் காற்றாடிக்கு முன் வையுங்கள். காலை 8 மணிக்கும் பிற்பகல் 2 மணிக்கும் இரண்டின் அளவுகளையும் குறித்து, வேறுபாட்டைக் கணக்கிடுங்கள். அந்த வேறுபாடே உங்கள் ஊரில் ஆவியாதலால் பெறக்கூடிய குளிர்ச்சியின் எல்லை. ஒரு வாரம் தொடர்ந்து அளந்து, அட்டவணையாக்கி வகுப்பில் படையுங்கள்.